தோல்வியின் தன்மைப் பன்மை

விளையாட்டு ரசிகர்களின் மொழியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போகும் ஆய்வு ஒன்று உண்டு. 1976இல் வெளியானது. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் உடையைக் கவனித்தனர். அங்கே கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். நாம் அறிந்த கால்பந்து அன்று அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். அணி வென்ற வாரத்துத் திங்கட்கிழமையில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சட்டையோடு வகுப்புக்கு வந்தோர் அதிகம். வெல்லாத வாரத்தில் குறைவு.

ஆய்வின் அடுத்த பகுதிதான் என் துறைக்கு நெருக்கமானது. மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் அணியின் ஓர் ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டார்கள். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது தன்மைப் பன்மை எளிதாக வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது அது அருகியது. வெற்றியில் ‘நாங்கள்’, தோல்வியிலோ ‘அவர்கள்’. அணி அதே அணிதான், பேசுகிறவரும் அதே மாணவர்தான். நகர்ந்தது பிரதிப்பெயர் மட்டுமே.

இந்த ஆய்வைத் தமிழில் விளக்க முயலும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே ஒன்று. தமிழில் இரண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறோம். ‘எங்க வீட்டுக்கு வா’ என்பதற்கும் ‘நம்ம வீட்டுக்கு வா’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு தமிழ்க் குழந்தைக்குப் பள்ளிக்குப் போகும் முன்பே தெரியும். தெலுங்கிலும் மலையாளத்திலும் துளுவிலும் இந்த வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் இல்லை. அங்கே ‘நாவு’ ஒன்றுதான். அதன் வேற்றுமை வடிவம் ‘நம்ம’. ‘நம்ம பெங்களூரு’, ‘நம்ம மெட்ரோ’ என்று நகரமெங்கும் எழுதப்பட்டிருக்கும் அந்தச் சொல் கேட்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்பதை இலக்கணம் சொல்லாது. சூழல்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்ச் செவிக்கு ஒரு மயக்கம் இங்கே காத்திருக்கிறது. ‘நம்ம’ என்று கேட்டவுடன், தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2016 ஜூலையில், திருவாரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இளங்கலை படிக்க இந்நகருக்கு வந்த எனக்கும் அப்படித்தான் ஒலித்தது. பேருந்து நடத்துநர், உணவகத்தில் தோசை வைப்பவர், விடுதிக் காவலர் என எல்லோரும் எதையேனும் ‘நம்ம’ என்றார்கள். எல்லாவற்றிலும் நான் இருப்பதுபோல் இருந்தது.

செப்டம்பரில் அந்த மயக்கம் கலைந்தது. காவிரியில் வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள்களுக்குத் தண்ணீர் திறக்குமாறு செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 12ஆம் தேதி அதை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் தேதிவரை நீட்டித்தது. அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு வந்தது. அந்த நாள்களில் தெருவில் எழுந்த முழக்கம் இரண்டே சொல்: ‘காவேரி நம்மது.’ அதில் நான் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள மொழியியல் தேவைப்படவில்லை. அம்மா தொலைபேசியில், “வெளியே போகாதே, போனாலும் வாயைத் திறக்காதே” என்றார். எங்கள் வீட்டில் அவ்வாண்டு குறுவைச் சாகுபடி இல்லை. என் அறை நண்பனின் ஊர் மண்டியா. அவர்கள் வீட்டில் கரும்பு. இருவரும் ஒரே ஆற்றை நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் ஆற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து எனக்கும் சேர்த்து உணவு வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவான்.

அதற்கடுத்த ஏப்ரலில் தொடங்கியதுதான் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் அணியின் 2017 சீசன்.

முந்தைய ஆண்டு அவ்வணி இறுதியாட்டம் வரை போயிருந்தது. விராட் கோலி நான்கு சதங்களோடு 973 ஓட்டங்கள் குவித்த ஆண்டு அது. 2016 மே 29 அன்று, சொந்த மண்ணான சின்னசாமி ஸ்டேடியத்தில், ஹைதராபாதின் 208ஐத் துரத்தி 200இல் நின்றது. எட்டு ஓட்டங்களில் கோப்பை போனது. ஆகவே 2017 மீது நகரத்துக்கு இருந்த எதிர்பார்ப்பு சிறியதன்று.

எனக்கோ அவ்வாண்டு அணியே இல்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 ஆகிய இரண்டு சீசன்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. மஞ்சள் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு வந்த ரசிகனுக்கு, விடுதியின் பொதுத் தொலைக்காட்சியில் ஓடும் ஆட்டம் எதுவோ அதுவே ஆட்டம். பக்கத்து நாற்காலியில் மண்டியா நண்பன்.

சரிவு தொடக்கத்திலேயே வந்தது. தோள் காயத்தால் கோலி முதல் மூன்று ஆட்டங்களில் இல்லை. கே.எல். ராகுல் சீசன் முழுவதும் இல்லை. ஏப்ரல் 14 அன்று சாமுவேல் பத்ரி மும்பைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தும் ஆட்டம் தோல்வியில் முடிந்தது. ஏப்ரல் 23 கொல்கத்தா ஈடன் கார்டனில் 132 என்ற எளிய இலக்கு. 9.4 ஓவர்களில் 49 ஓட்டங்களுக்கு அணி முழுவதும் சுருண்டது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. கேதார் ஜாதவ் எடுத்த 9தான் உச்சம். ஐ.பி.எல். வரலாற்றில் அதைவிடக் குறைந்த ஸ்கோர் கிடையாது. சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன், 2013இன் அதே ஏப்ரல் 23 அன்று, இதே அணி கிறிஸ் கெயிலின் 175 ஓட்டங்களோடு 263 குவித்திருந்தது.

அந்த இரவு விடுதி அறையில் யாரும் கத்தவில்லை. தொலைக்காட்சியை அணைக்கவும் இல்லை. சியால்டினியை நான் அப்போது படித்திருக்கவில்லை. படித்திருந்தால், ‘அவர்கள் தோற்றார்கள்’ என்ற வாக்கியத்தை எதிர்பார்த்திருப்பேன். நண்பன் சொன்னதோ வேறு. “ஸோத்வி மச்சா” என்றான். ‘ஸோத்வி’ என்றால் ‘தோற்றோம்’. தன்மைப் பன்மை வினைமுற்று. ‘மச்சா’ நம் மச்சான்தான். பெங்களூர் இளைஞர்களின் கன்னடத்தில் குடியேறி, இப்போது யாருக்கும் அந்நியமாகத் தோன்றாத சொல்.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, சின்னசாமியில் ஹைதராபாதுடன் ஆட்டம். நண்பன் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தான். மழைநீரை மண்ணுக்கடியிலிருந்து உறிஞ்சி வெளியேற்றும் சப்-ஏர் என்ற அமைப்பை அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அந்த மைதானத்தில் பொருத்தியிருந்தார்கள். ஆனால் எந்த அமைப்பும் மழை நின்ற பிறகுதான் வேலை காட்டும். அன்று மழை நிற்கவில்லை. ஒரு பந்துகூட வீசப்படாமல் ஆட்டம் கைவிடப்பட்டது. எங்களுக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த நெகிழித் தாளை எங்கள் தலைக்கும் சேர்த்து விரித்தார். கைவிடப்பட்டது என்ற அறிவிப்பு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “இவத்து நாவு ஸோலலில்ல” என்றார். இன்று நாம் தோற்கவில்லை.

அந்த ‘நாவு’ யாரை உள்ளடக்கியது? கன்னட இலக்கணம் விடை தராது. ஆனால் ஒரே நெகிழித் தாளுக்கடியில் மூன்று தலைகள் இருந்தன. அவர் பார்த்தது என் முகத்தை. அதைத் தமிழில் ‘நாங்கள்’ என்று எவராலும் மொழிபெயர்க்க முடியாது. ஏழு மாதங்களுக்கு முன் தெருவில் என்னை விலக்கிய அதே சொல்லடி, மழையில் என்னைச் சேர்த்துக்கொண்டது. நான் தமிழன் என்பது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு. என் கன்னடம் அப்போது இருந்த நிலையில், தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தச் சீசன் அப்படியே போனது. மழைக்குப் பின் தொடர்ந்து ஐந்து தோல்விகள். சின்னசாமியில் விளையாட வேண்டியிருந்த ஏழில் ஒரே ஒரு வெற்றி. மொத்தம் 14 ஆட்டங்கள், 3 வெற்றி, 10 தோல்வி, 7 புள்ளிகள், எட்டு அணிகளில் கடைசி இடம். அந்த 7இல் ஒன்று மழை தந்த புள்ளி. கடைசி ஆட்டத்தில் டெல்லியை 10 ஓட்டங்களில் வென்றபோது அதனால் மாறக்கூடியது எதுவும் இல்லை. ஆனாலும் விடுதியில் கைதட்டினார்கள்.

கல்லூரி அணிகளின் வரலாற்றில் இதைவிடக் கொடிய கதைகள் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி 1983க்கும் 1988க்கும் இடையே தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்றது. 1984இல் சேர்ந்து 1988இல் பட்டம் பெற்ற மாணவர் தம் கல்லூரி அணி வென்று ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார். 1988 அக்டோபர் 8 அன்று பிரின்ஸ்டனை 16-13 என வென்றபோதுதான் அந்தத் தொடர் முடிந்தது. சியால்டினியின் விதி முழு உண்மையென்றால் அந்த அரங்கம் என்றோ காலியாகியிருக்க வேண்டும். காலியாகவில்லை. வெற்றியில் ஒட்டிக்கொள்வோரின் ‘நாங்கள்’ ஒரு வகை. தோல்வியில் எஞ்சியிருப்போரின் ‘நாம்’ வேறொரு வகை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆய்வு முதலாவதை மட்டும் எண்ணியதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

2018 சீசனில்தான் ‘ஈ ஸல கப் நம்தே’ என்ற முழக்கத்தை நான் நகரமெங்கும் கேட்டேன். மிக மோசமான சீசனுக்கு அடுத்த ஆண்டில் அது ஓங்கி ஒலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ் ஊடகங்கள் ‘ஈ சாலா’ என்று நீட்டி எழுதுகின்றன. கன்னடத்தில் ‘ஸல’வின் இரண்டு எழுத்தும் குறில்தான். ஈ என்றால் இந்த. ஸல என்றால் தடவை. நம்து என்றால் நம்முடையது. கடைசியில் ஓர் ஏகாரம். தமிழில் அப்படியே வரும்: இந்தத் தடவை கோப்பை நமதே.

இதில் வினைச்சொல் இல்லை, பெயரே பயனிலை. வினை இல்லாததால் காலமும் இல்லை. வெல்வோம் என்று சொல்லியிருந்தால் அது எதிர்காலம். பொய்த்தது என்று காட்டிவிடலாம். இங்கே பொய்ப்பிக்க எதுவும் இல்லை. ‘இந்த’ என்பது சுட்டு; சொல்பவர் நிற்கும் ஆண்டையே ஒவ்வொரு முறையும் சுட்டும். ஆண்டு மாறினால் சுட்டும் பொருள் தானே மாறிக்கொள்ளும். வாக்கியத்தைத் திருத்த வேண்டியதில்லை. ‘நாற்பதும் நமதே’ என்று நம் தேர்தல் சுவர்களில் எழுதுவதும் இதே வாய்பாட்டில்தான். எந்தக் கட்சியும் அடுத்த தேர்தலில் அதே சுண்ணாம்பைப் பூசிக்கொள்ளலாம்.

ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது தொல்காப்பியம். அவற்றுள் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று தேற்றம்: உறுதியாக நம்முடையது. மற்றொன்று பிரிநிலை: நம்முடையது மட்டுமே, பிறருடையது அன்று. வெல்லும் அணி இந்த முழக்கத்தைச் சொன்னால் பிரிநிலையின் கூர்மை அதில் இருக்கும். 2019இல் முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்று மீண்டும் கடைசி இடத்துக்கு வந்த அணி சொன்னபோது தேற்றம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதுவும் பிறரைத் தேற்றுவதற்கன்று, தம்மைத் தேற்றிக்கொள்வதற்கு. மற்ற அணிகளின் ரசிகர்கள் அதைக் கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். பெங்களூர் ரசிகர்களும் அந்தக் கேலியைத் தாமே சொல்லிச் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்துக்குள் நுழைவது வெளியூரானுக்குக் கடினமாக இல்லை.

இந்தச் சேர்க்கை எப்போதும் நிலைத்தது என்று நான் கூறவில்லை. சென்னை அணி 2018இல் திரும்பிவந்தது. ஏப்ரல் 25, மழையில் நனைந்த நாளின் ஓராண்டு நிறைவு, அதே சின்னசாமி. பெங்களூர் 205 எடுத்தது. தோனி 34 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 70 எடுத்து, சிக்சரோடு முடித்துவைத்தார். விடுதியில் நான் எழுந்து கத்தினேன். நண்பன் என் பக்கம் திரும்பி, “நீவு கெத்ரி” என்றான். நீங்கள் ஜெயித்தீர்கள். முன்னிலைப் பன்மை. ஓராண்டாக இருந்த ‘நாவு’ ஒரு சிக்சரில் இரண்டாகப் பிரிந்தது. கோபமாக அவன் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். வெற்றி என்பது இருவர் பங்கிட முடியாத பொருள். 2017இன் தோல்வியைத்தான் நாங்கள் குறைவின்றிப் பங்கிட்டிருந்தோம்.

2024 மார்ச் 17 அன்று பெங்களூரின் மகளிர் அணி டெல்லியை வென்று மகளிர் பிரீமியர் லீக் கோப்பையை எடுத்தது. பரிசளிப்பின்போது தலைவி ஸ்மிருதி மந்தனா, எப்போதும் ‘நம்தே’ என்று சொல்லப்பட்டது இப்போது ‘நம்து’ ஆகிவிட்டது என்ற பொருளில் பேசினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. மாறியது ஓர் உயிரெழுத்து மட்டும். கோப்பை கைக்கு வந்தபின் தேற்றம் தேவைப்படவில்லை, ஏகாரம் உதிர்ந்தது. உடைமை உறுதியான இடத்தில் மொழி அழுத்தத்தைக் கைவிடுகிறது என்பதற்கு வகுப்பில் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆடவர் அணிக்கு அது 2025 ஜூன் 3 அன்று வாய்த்தது. பதினெட்டாவது சீசன், அகமதாபாத், பஞ்சாபுக்கு எதிராக ஆறு ஓட்ட வெற்றி. நள்ளிரவுக்குப் பின்னும் நகரம் உறங்கவில்லை. என் தெருவில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் வாயில் மற்றவர் இனிப்பை ஊட்டினார்கள். எனக்கும் கிடைத்தது. அந்த இரவில், வெற்றியையும் பங்கிட முடியும் என்று தோன்றியது.

மறுநாள் ஜூன் 4. கோப்பையோடு வந்த அணியைக் காண சின்னசாமியைச் சூழ்ந்த கூட்டத்தில், வாயில்களருகே நெரிசல் ஏற்பட்டு 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளையோர். ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். நான் அங்கே போகவில்லை. ஆய்வேட்டின் ஓர் இயல் கெடு கடந்து நின்றதால் அறையிலேயே இருந்தேன். செய்தி பரவியதும் அம்மா அழைத்தார். 2016இல் கேட்ட அதே கேள்வி: “எங்கே இருக்கிறாய்? வெளியிலா?” அன்று அவர் அஞ்சியது நான் அந்தக் கூட்டத்துக்கு வெளியாள் என்பதற்காக. இம்முறை அஞ்சியது நான் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்திருக்கக்கூடும் என்பதற்காக.

அந்த நாளைப் பற்றி மொழியியல் பேசுவது பொருத்தமா என்று பல மாதங்கள் தயங்கினேன். அந்த இறப்புகளுக்கு இலக்கணம் காரணமன்று. அவற்றை விளக்கவும் அதனால் முடியாது. இவ்வளவு மட்டும் சொல்ல முடியும். 2017இல் தோற்ற அணியைப் பார்க்க வந்தவர்களுக்கு மழையில் இடம் தாராளமாக இருந்தது. நெகிழித் தாளை இன்னும் ஒரு தலைக்கு நீட்ட முடிந்தது. பதினெட்டு ஆண்டுகளாக யாரையும் விலக்காமல் சேர்த்துக்கொண்டே வந்த ஒரு ‘நாம்’, ஒரே பிற்பகலில் ஒரே இடத்தில் நேரில் வந்து நின்றது. அதைத் தாங்கும் அளவுக்கு வாயில்கள் அகலமாக இல்லை.

மண்டியா நண்பன் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறான். அன்றிரவு பதினொரு மணிக்கு அழைத்தான். நெடுநேரம் பேசவில்லை. கோப்பையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “ஹன்னொந்து ஜன நம்மவரு ஹோத்ரு, மச்சா” என்றான். பதினொரு பேர், நம்மவர்கள், போய்விட்டார்கள்.

‘நம்மவர்’ இரு மொழியிலும் ஒரே சொல். அதில் நான் இருக்கிறேனா என்று அவனிடம் கேட்கவில்லை. “ஆமாம், நம்மவர்கள்” என்று தமிழிலேயே சொன்னேன். அவனுக்குப் புரிந்தது.